இடது பக்கம்

மே 6, சனி
கணினித் துப்பாக்கி விளையாட்டில் எங்கள் அணிக்குப் பயிற்சி ஆட்டத்தில் மறுபடியும் தோல்வி. அத்தை மகன் ஆபெலு “இடது கிளியர்” என்றான், அந்தப் பக்கம் எதிரி இல்லையென்று. நம்பி நுழைந்தோம். இடது பக்கத்திலிருந்துதான் சுட்டார்கள். ஐந்து பேரும் காலி. காலடிச் சத்தம் எனக்கே லேசாகக் கேட்டது. அவன் அதற்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

மே 9, செவ்வாய்
ஆபெலு புது ஹெட்செட் வாங்கியிருக்கிறான். சரவுண்ட், ஏழு திசைச் சத்தமாம். கோழி ஆலையில் இரண்டு சனிக்கிழமை கூடுதல் ஷிஃப்ட் பார்த்து வாங்கினானாம். எனக்கு எரிந்தது.

“டேய், உனக்கு ரெண்டு காதுதானே? உள்ள இருக்கிறதும் ரெண்டு ஸ்பீக்கர்தான். மீதி அஞ்சும் பெட்டியில அச்சடிச்ச பொய். என்னோட சாதா ஸ்டீரியோவைப் போட்டுப் பாரு, திசை துல்லியமா தெரியும்.”

“உன் காது உனக்கு, கேப்டன்” என்றான். அவ்வளவுதான்.

நான் சொன்னதில் தப்பில்லை. எங்கள் லோகன் மாதிரி ஏழைப் புறநகர்ப் பையன்களைக் குறிவைத்துத்தான் இப்படி விற்கிறார்கள். ஆனால் அவன் முகம் ஏன் அப்படிப் போனது?

மே 12, வெள்ளி
அணியில் இருக்கும் டைலன் ஒரே பிடியாக நிற்கிறான்: “அவனைத் தூக்கு. மாநிலப் போட்டிக்கு அடுத்த வெள்ளி பெயர் குடுக்கணும். சொந்தக்காரன்னு பாக்காத.” யோசிக்கிறேன் என்றேன். உண்மையில் முடிவு செய்துவிட்டேன்.

மே 14, ஞாயிறு
சர்ச் முடிந்து அத்தை வீட்டில் சாப்பாடு. நீக்கப் போவதை நேரில் சொல்லத்தான் போனேன். அதற்கு முன்னால், அந்தச் சரவுண்ட் எவ்வளவு மோசம் என்று காட்டலாமென அவன் ஹெட்செட்டை மாட்டினேன்.

இடது காது கிழிந்துவிட்டது போல அலறல். கழற்றி எறிந்தேன். கணினியில் சத்த அளவைப் பார்த்தால் இடது பக்கம் நூறு, வலது பக்கம் இருபது.

“என்னடா இது?”

கதவைச் சாத்தினான். “இதைப் பத்தி அம்மாகிட்ட பேசாத.”

பிறகு அவனே சொன்னான்: ஏழு வயதில் இடது காதில் சீழ். அத்தைக்கு ஷிஃப்ட். கிளினிக்கில் வரிசை, போனபோதெல்லாம் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். நிபுணரிடம் முறை வருவதற்குள் சவ்வு போய்விட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பணக்காரப் பகுதியில் பிறந்திருந்தால் ஒரே வாரத்தில் பார்த்திருப்பார்கள். த்தூ.

“ஏன்டா சொல்லல?”

“சொன்னா டீம்ல வெச்சிருப்பியா?”

எறிந்த ஹெட்செட்டை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

“ஏழு பக்கத்துலேருந்தும் சத்தம் வரும்னு பெட்டியில போட்டிருந்தான் மச்சான். ஏதாவது ஒண்ணாவது உள்ள போகும்னு நெனச்சேன்.”

அவனிடம்தான் பெட்டியில் அச்சடித்த பொய் என்று நீட்டி முழக்கினேன்.

மே 15, திங்கள்
கிடங்கில் வேலையே ஓடவில்லை. சத்தம் கேட்காவிட்டால் “கிளியர்” சொல்வதுதான் எங்கள் வழக்கம். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்கவில்லை, கிளியர் என்றான். வழக்கத்தை வைத்தவன் யார்? நான்.

மே 19, வெள்ளி
ஆபெலுவின் அனுமதியோடு எல்லோரிடமும் சொன்னேன். டைலன், “பாவம்தான். ஆனா தோத்துடுவோம்” என்றான்.

“தோக்கலாம்” என்றேன்.

புது விதி: யாரும் “கிளியர்” சொல்லக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். ஆபெலு எப்போதும் இடது ஓரம், சுவரை ஒட்டி. அவன் நல்ல காது வலப்பக்கம் பார்க்கும். அவனை ஒட்டிய வாசல் என் பொறுப்பு. ஐந்து பெயரும் கொடுத்தாகிவிட்டது.

ஜூன் 3, சனி
இரண்டாம் சுற்றோடு வெளியே. கடைசி ரவுண்டில் நானும் ஆபெலுவும் மட்டும் மிச்சம். இடது வாசலில் காலடி. தெளிவாகக் கேட்டது, எத்தனை அடி என்றுகூடச் சொல்லியிருப்பேன். திரும்புவதற்குள் என்னைச் சுட்டுவிட்டார்கள், அடுத்து அவனை.

ஆபெலு ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

சிரித்தான். நாற்காலியை இழுத்து என் இடப்பக்கமாகப் போட்டுக்கொண்டான், நான் பேசினால் அவன் வலது காதில் கேட்கும்படி.