மேட்டுத் தெருவுக்கு ஏறிய தண்ணீர்

மைசூரு
11.5.2026

அன்புள்ள கனகாவுக்கு,

முனிராஜ் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன். அங்கே ஹனூரில் உன் அம்மா வீட்டில் நீயும் தமிழ்ப்ரியாவும் அத்தையும் அப்படியே இருக்க வேண்டும். நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் பேனாவை எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன், இது மூன்றாவது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. மேட்டுத் தெரு சுலோசனாவின் தம்பி தீபக் நாளைக்கு ஹனூர் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சமையல் நானேதான். முந்தாநாள் ரசம் வைத்தேன். பக்கத்து வீட்டுப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போய்விட்டது.

நேற்று அத்தையின் போனிலிருந்து தமிழ்ப்ரியா பேசினாள். பேச்சோடு பேச்சாக, புதன்கிழமை அம்மா கொள்ளேகாலம் ஆஸ்பத்திரிக்குப் போறாங்கப்பா என்றாள். எதற்கு என்று ஒன்பது வயதுக் குழந்தையிடம் எப்படிக் கேட்பது? மூன்றாம் மாதப் பரிசோதனைக்கா, இல்லை, நான் அன்று பேசிய பேச்சுக்கு இந்தக் கர்ப்பமே வேண்டாம் என்று கலைத்துவிடவா?

அன்று நீ விஷயத்தைச் சொன்னபோது நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தேன். மேட்டுத் தெருவில் வீட்டுக்கு நாலு குடம்கூட நிரம்பாமல் தண்ணீர் நின்றுபோய், ஆளாளுக்கு என் மேல் பாய்ந்திருந்தார்கள். அந்த எரிச்சலில், இருக்கற வாய்க்கே தண்ணி ஏத்த முடியல, இன்னொரு வாயா என்று கேட்டுவிட்டேன். அதோடு விட்டேனா? உலகத்தில் எண்ணூறு கோடிப் பேருக்கு மேல் ஆகிவிட்டது, பூமி தாங்காது என்று போனில் பார்த்ததையெல்லாம் பிரசங்கம் செய்தேன். நீ தட்டைக் கீழே வைத்துவிட்டு, வேண்டாம்னா நேரா சொல்லுங்க, எதுக்கு உலகத்தையெல்லாம் துணைக்குக் கூட்டிட்டு வர்றீங்க என்றாய். நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். மறுநாள் நீ குழந்தையோடு பஸ் ஏறிவிட்டாய்.

என் பயம் பொய்யில்லை கனகா. பதினாறு வருஷமாக இந்த ஏரியாவுக்கு வால்வு திறந்து தண்ணீர் விடுகிற நீர்கண்டி நான். சேர்ந்தபோது என் லைனில் இருநூற்றுப் பத்து வீடு. தென்னந்தோப்பு இருந்த இடமெல்லாம் இன்றைக்கு மூன்று மாடி, நாலு மாடி. இணைப்பு அறுநூறைத் தாண்டிவிட்டது, கபினி ஆற்றிலிருந்து வரும் குழாய் மட்டும் அதே குழாய்தான். விடியற்காலையில் நீளச் சாவியை வால்வில் மாட்டி, மேல்முனையில் காதை வைத்துக் கேட்பேன். முன்பெல்லாம் உள்ளே ஓர் ஆறே போகிற சத்தம் வரும். இப்போது யாரோ தூங்குகிற மூச்சு மாதிரி இருக்கிறது. பனி இறங்கிய தெருவில் ஒற்றை ஆளாக நின்று தினமும் அந்த மூச்சைக் கேட்கிறவனுக்கு என்னென்னவோ தோன்றும். உன்னிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

போன வியாழக்கிழமை ஒரு தப்பு செய்தேன். வழக்கம்போலப் பள்ளத் தெரு வால்வைப் பன்னிரண்டு சுற்று திறந்துவிட்டுப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அதை மூடினால்தான் மேட்டுக்குத் தண்ணீர் ஏறும். நீ போனதிலிருந்து சரியான தூக்கம் இல்லை, அப்படியே அசந்துவிட்டேன்.

கனவில் விடிந்தும் விடியாத வெளிச்சம். சாமுண்டி மலையைச் சுற்றி ஒரு வரிசை. உலகத்து ஜனம் அத்தனையும் குடத்தோடு நிற்கிறது. சண்டை இல்லை, பேச்சுகூட இல்லை. சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசி ஆளைத் தேடி நடக்கிறேன். மலை முடிந்து, வயல் முடிந்து, கடல் மாதிரி ஒன்றைத் தாண்டியும் வரிசை போகிறது, எனக்குக் கால் வலிக்கவே இல்லை. கடைசியில் ஒரு சின்னச் சொம்பு மட்டும் தரையில் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லை. இது யாருது என்று கேட்கிறேன். முன்னால் நிற்கிற பெண் திரும்புகிறாள், பார்த்தால் நீ. அந்தச் சொம்பை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாய்.

கண் விழித்தபோது மணி ஒன்பது. பள்ளத் தெருவில் எல்லா வீட்டிலும் தரைக்கடியில் கட்டிய சம்புத் தொட்டி வழிந்து, தண்ணீர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பெரிய கேட் போட்ட வீட்டு மல்லப்பனிடம் எப்போது நிரம்பியது என்று கேட்டேன். தினமும் அரை மணியில் நிரம்பிவிடும் முனிராஜு, மீதியில் கார் கழுவுவோம், அப்புறம் சாக்கடைக்குத்தான் என்று கன்னடத்தில் சாவகாசமாகச் சொன்னார். பள்ளத்துக்கு இரண்டு மணி, மேட்டுக்கு ஒரு மணி என்பது நான் வேலையில் சேர்ந்த அன்று எனக்கு முன்னால் இருந்த கெம்பையன் சொல்லிவிட்டுப் போனது. அப்போது அங்கே சம்பு கிடையாது, எல்லாரும் குடம் குடமாகப் பிடித்தார்கள். பதினாறு வருஷத்தில் ஒருநாளாவது அந்த வழக்கத்தை மாற்றிப் பார்த்தேனா?

மேட்டில் சுலோசனா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். ஏன்ணா, எங்க தண்ணிய ரோட்டுக்கு வார்த்துட்டு வந்து சும்மனே நிக்கறீங்களா என்றாள். மறுநாள் பள்ளத்தை நாற்பது நிமிஷத்தில் மூடினேன். சுலோசனா வீட்டு மாடியில் வறண்டே கிடந்ததால் துண்டு மாட்டிவைத்திருந்த குழாயிலும் தண்ணீர் வந்ததாம். துண்டு நனஞ்சுபோச்சு என்று அதற்கும் திட்டினாள்.

இதனால் பூமிக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்ல வரவில்லை. கபினி வளரப்போவதில்லை. ஒரு மழை தவறினால் என் நாற்பது நிமிஷக் கெட்டிக்காரத்தனம் எதற்கும் உதவாது. அந்தக் கவலை எனக்கு இருக்கும், தமிழ்ப்ரியாவை நினைத்தாலும் இருக்கும். ஆனால் ஆள் பெருத்துவிட்டது என்று ஊரையே குறை சொன்னவன் தன் கையிலிருந்த சாவியைப் பார்க்கவில்லை. எண்ணூறு கோடிப் பேரையும் நம் வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, உன் வயிற்றில் இருப்பதை மட்டும் வெளியே போ என்றேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

நேராகச் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன். எனக்கு இந்தப் பிள்ளை வேண்டும்.

புதன்கிழமை மேட்டுத் தெருவையும் முடித்துவிட்டு எட்டரை மணி பஸ்ஸில் ஏறுகிறேன். கொள்ளேகாலத்தில் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன். எப்படியும் பதினொரு மணி ஆகும். அதற்குள் உன் பெயரைக் கூப்பிட்டால் பின்னால் இருப்பவர்களை முன்னே போகச் சொல். உன் மனசில் என்ன தீர்மானம் இருந்தாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன், சத்தியம்.

சாமுண்டியம்மா உன்னையும் தமிழ்ப்ரியாவையும் இன்னும் பெயர் வைக்காத ஆளையும் காப்பாற்றட்டும். டாக்டர் அறையில் உனக்குப் பக்கத்து நாற்காலியில் மட்டும், நான் வரும்வரை, வேறு யாரையும் உட்காரவிடாதே.

உன்
முனிராஜ்