அழுத்திப் பிடித்த கை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பாராட்டு சுருட்டைக்குத்தான். ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசை. அவள் தலைமுடியைப் பார்த்து நான் வைத்த பெயர் அது, வெளியே சொன்னதில்லை. அவள் எடுத்த படத்தைத் திரையில் போட்டு, "பாத்தீங்களா, ஜெல் எவ்வளவு சீரா படிஞ்சிருக்கு" என்றார் இயக்குநர். அவள் படம் எடுத்தது என் கருவியில். பேனா மாதிரி இருக்கும் அந்தக் குழாயைச் செய்ய வருடக்கணக்காக மாரடித்தவள் நான். கிருமி புகாமல் உடலுக்குள் பூசும் மருந்து ஜெல்லில் கலந்த சாயம், கருவியின் வெளிச்சம் பட்டால் மினுங்கும். ஜெல் இல்லாத இடம் கறுப்பாகத் தெரியும், அந்த வழியாகத்தான் கிருமி உள்ளே போகும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே?

மார்ச் 6

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் முதல்முறையாக நோயாளிகளுக்கு ஜெல்லைப் பூசிப் படம் எடுக்கப்போகிறார்கள். கருவியோடு ஒருவர்தான் போகலாம். அவளா, நானா?

மார்ச் 7

வயிறு எரிகிறது. எழுதினாலும் அடங்கவில்லை.

மார்ச் 11

அதே ஜெல்லை ஆட்டுக்குடல் துண்டுகளில் தடவி நானே படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் நடுவில் கறுப்புத் திட்டு! ஆக, நல்ல படமாகப் பொறுக்கிக் காட்டியிருக்கிறாள். பாட்டு முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த கணவர், "யாருக்கு வேலை போச்சு?" என்றார்.

மார்ச் 12

படங்களை இயக்குநரிடம் நீட்டினேன். முகம் வாடிவிட்டது. "ஓட்டை விழுதுன்னா இந்த ஜெல்லையே விட்டுட வேண்டியதுதான். ஆஸ்பத்திரி வேலையும் கிடையாது." யாருக்குமே கிடையாதா? இது எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளிக்கிழமை முடிவு சொல்வாராம்.

சுருட்டை வந்தாள். "அக்கா, நான் எங்க தப்பு பண்றேன்னு பக்கத்துல நின்னு பாக்கறீங்களா?"

பார்க்கத்தானே எனக்கும் ஆசை.

மார்ச் 13

பார்த்தேன். கருவியின் நுனி திசுவில் பட்டும் படாமலும் இருக்கப் பிடிக்கிறாள். எடுத்த ஒவ்வொரு படமும் பளிச். எதையும் பொறுக்கவில்லை. "இப்ப நீங்க புடிங்க" என்றாள். பிடித்தேன். திரையில் நுனி பட்ட இடம் மெல்லக் கறுத்தது. கருவியை எடுத்தால் திசுவில் வட்டமாக ஒரு பள்ளம். ஜெல்லை நானேதான் பிதுக்கித் தள்ளியிருக்கிறேன். இத்தனை வருடம் பிடித்த கருவி – இப்போது மட்டும் ஏன் இப்படி அழுத்தினேன்? ஏனென்று எனக்குத் தெரியாதா என்ன.

அவளும் பள்ளத்தைப் பார்த்தாள். நுனியைத் துடைத்துக் கருவியை உறைக்குள் வைத்தாள். சனியன், ரெண்டு வார்த்தை திட்டியாவது தொலைச்சிருக்கலாம்.

மார்ச் 14

"ஜெல்லுல ஓட்டை இல்லை சார். நான் அழுத்திட்டேன்." இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். அவர் என் படங்களை ஒதுக்கி வைத்தார். பிறகு, "நீங்களே அழுத்தினா டாக்டரும் அழுத்துவார். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. ஆஸ்பத்திரிக்கு அவ போகட்டும்" என்றார்.

மார்ச் 25

நுனியைச் சுற்றி, அதைவிடச் சற்று முன்னால் நீளும்படி ஒரு வளையம் பொருத்தினேன். இனி யார் எவ்வளவு அழுத்தினாலும் நுனி ஜெல்லைத் தொடாது.

ஏப்ரல் 9

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "படம் சுத்தமா வந்திருக்குக்கா. டாக்டர் நல்லாவே அழுத்தினார், ஒண்ணும் ஆகலை. நுனியில இருக்கிறது என்னன்னு கேட்டார். அக்கா வளையம்னு சொல்லிட்டேன்."

அறை எப்படி, திரை பெரிதா, யார் யார் சுற்றி நின்றார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நான் நின்றிருக்க வேண்டிய இடம். வயிறு இன்னும்தான் எரிகிறது. போனை வைத்துவிட்டு இன்னொரு வளையம் செய்ய உட்கார்ந்தேன். இருப்பது உடைந்துபோனால் அவள் அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்பாளே.