அலைக்குப் பச்சைத் துணி

சாய்ந்தமருது
2025 ஆகஸ்ட் 4

அன்புள்ள ஸம்றாட வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் ஸம்றாவும் சுகம். சம்மாந்துறையில் நீங்களும் பாத்தும்மா ராத்தாவும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். டெலிபோன் எடுக்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். டெலிபோனில் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்பீர்கள். வைத்த பிறகு ஒன்றும் நடக்காது. எழுத்தென்றால் கையில் இருக்கும்.

வீடு என் சீதன வீடு. அதனால் சண்டை வந்தால் வெளியேறுவது மாப்பிள்ளையாகிவிட்டது. ஊர் வழக்கத்துக்கு நான் பொறுப்பில்லை.

பூங்காக் குழு கேட்டுத்தான் கடற்கரையில் அந்தச் சீமெந்து அலையைக் கட்டினேன். பிள்ளைகள் சறுக்கினார்கள், பெரியவர்கள் நிழலில் இருந்து கச்சான் கடலை கொறித்தார்கள். சுனாமி அடித்த இந்த ஊரில் அலையைப் பற்றி யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு மீராமுகைதீன் ஹாஜியார் தெருப்பக்கம் நின்று பார்த்தார். குனிந்து நிற்கும் பெண் மாதிரித் தெரிகிறது, உருவம் வைக்கக் கூடாது என்றார். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று ஒட்டகம் என்றார். இரண்டில் ஒன்றைத் தீர்மானியுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. துணியால் மூடுவோம் என்றதும் முதலில் கை தூக்கியவர் குழுவின் செயலாளர். அதாவது, என் புருஷன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதை ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்தீர்களா?

துணி இறங்கும்வரை நீங்கள் இந்த வாசற்படி ஏற வேண்டாம்.

வஸ்ஸலாம்,
கமீலா

*

சம்மாந்துறை
2025 ஆகஸ்ட் 7

அன்புள்ள கமீலா,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. ராத்தா நன்றாகத்தான் கவனிக்கிறா. ஆனால் தினமும் சோறு போடும்போது, "தம்பி, உனக்கு லீவு எப்ப முடியிற?" என்று கேட்கிறா.

தீர்மானம் தற்காலிகமானது. ஊர் இரண்டாகக் கூடாது என்றுதான் கை தூக்கினேன். துணியின் நிறத்தைத் தேர்ந்தது நான்தான். உன் வேலைக்கு மரியாதைக் குறைவு வரக் கூடாதென்று யோசித்துச் செய்தேன். வெள்ளை என்றால் இறந்தவருக்குச் சுற்றும் கபன் என்பார்கள். கறுப்பு துக்கம். நீலமும் சிவப்பும் கட்சிக்காரர்களுடையவை. பச்சையும் கட்சி நிறம்தான், ஆனால் அந்தக் கட்சியில் இப்போது கோபிக்கிற அளவுக்கு ஆட்களில்லை. ஆகவே பச்சை. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: குழுவின் அறிக்கையை முழுமையாக வாசித்திருக்கிறேன்.

காலிதீன்

*

சாய்ந்தமருது
2025 ஆகஸ்ட் 15

அன்புள்ள ஸம்றாட வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அறிக்கையை வாசித்தது பற்றிச் சந்தோஷம்.

நேற்று வியாழன் பின்னேரம் பூங்காவுக்குப் போனேன். உங்கள் பச்சைத் துணியின் காலடியில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. வெளியூர்ப் பெண்ணொருத்தி காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பக்கத்தில் நின்றவவிடம் கேட்டாள்:

"ராத்தா, இது ஆருட சியாரம்?"

"பேர் தெரியா மகள். நல்ல கறாமத்துள்ளவராம், நோயெல்லாம் மாறுதாம். சும்மாவா பச்சை போத்தி வெச்சிரிக்காங்க?"

"இவ்வளவு உசரமா ஒரு கபுறா?"

"உசந்த மனிசன்தானே."

நான் குறுக்கே போய், இது எந்தப் பெரியவரின் அடக்கத்தலமுமில்லை, நான் கட்டின சீமெந்து, உள்ளே கம்பியும் கோழிக்கூட்டு வலையும்தான் என்றேன்.

"அப்பிடிச் சொல்லாதங்க டீச்சர்," என்றா அந்த ராத்தா. "வாய் கோணிப் போகும்."

நேர்ச்சைக்கென்று பங்கிட்ட நார்சாச் சோற்றில் எனக்கும் ஒரு பிடி தந்தா. இனிப்பு அளவாக இருந்தது. வேலியில் யாரோ ஒரு கொடியும் கட்டியிருக்கிறார்கள். உருவத்தை வணங்கிவிடுவார்கள் என்று பயந்து போர்த்தினீர்கள். போர்த்துகிறவரைக்கும் யாரும் அதை வணங்கவில்லை. ஏறிச் சறுக்கத்தான் செய்தார்கள். குழுவுக்கு என் வாழ்த்துகள்.

அந்தப் பிள்ளை முன்பென்றால் அதன் நிழலில் படுத்திருக்கும். இப்போது அலையின் குழிவையும் துணி மூடிவிட்டது, பிள்ளை வெயிலில் வாடுகிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கமீலா

*

சம்மாந்துறை
2025 ஆகஸ்ட் 19

அன்புள்ள கமீலா,

குழு அவசரமாகக் கூடியது. துணியை உடனே அகற்ற வேண்டுமென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். எங்கள் குழு எதிலும் ஏகமனதாக இருந்தது இதுவே முதல் தடவை.

யார் அகற்றுவது என்பதில்தான் சிக்கல். ஹாஜியாருக்கு முழங்கால் வலி. ஒட்டகம் என்றவர், "நான் இதெல்லாம் நம்புறல்ல. ஆனா பிள்ளைகுட்டிக்காரன், என்னத்துக்கு வம்பு?" என்றார். கூலிக்கு ஆள் பிடிக்கப் போனோம், கூலிக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க ஏன் ஏறல்ல?" என்றார். இறுதியில், கச்சான் காற்று பலமாக வீசுவதால் துணி தானாகக் கிழியும்வரை பொறுத்திருப்பதென்று முடிவானது.

நீயும் பொறுத்திரு. தீர்மானம் வந்துவிட்டதால் இடையில் நான் வீட்டுக்கு வரலாமா?

காலிதீன்

*

சாய்ந்தமருது
2025 ஆகஸ்ட் 21

ஸம்றாட வாப்பாவுக்கு,

காற்று உங்கள் குழுவில் அங்கத்தவரில்லை. நாளை அஸர் தொழுதுவிட்டு ஏணியோடு நானே போகிறேன். டீச்சர் ஏணியில் ஏறினா என்று ஊர் கதைக்கட்டும். கதைத்து முடிக்கும்போது துணி இறங்கியிருக்கும்.

உங்களை வரச் சொல்லவில்லை. இடையில் வீட்டுக்கு வரவும் வேண்டாம்.

கமீலா

*

சம்மாந்துறை
2025 ஆகஸ்ட் 23

அன்புள்ள கமீலா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. அஸர்வரை நிற்காமல், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ராத்தாவின் ஏணியை ஓட்டோவில் கட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். ஒருவர், "சேர், பயமில்லையா?" என்றார். "பயம்தான். ஆனா உள்ளுக்க இரிக்கிறவருக்கில்ல, வீட்டுக்காரிக்கு," என்றேன். சிரித்தார்கள், ஏணியைப் பிடிக்க மட்டும் யாரும் வரவில்லை. ஏறினேன். கயிறுகளை அறுத்தேன். வாய் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

பிறகு இறங்கி, அதைச் சுற்றி வந்தேன். நீ கேட்டது சரி. நான் பார்த்திருக்கவில்லை. அது ஊரை அடிக்க வரும் அலை என்றே நினைத்திருந்தேன். நீ அதைக் கடலைப் பார்க்க வளைத்திருக்கிறாய். திரும்பிப் போகிற அலை. ஊருக்கு முதுகு, கடலுக்கு முகம், நடுவில் நிழல். இவ்வளவு நாளும் இது எனக்குத் தெரியாமல் உன்னோடு ஒரு வீட்டில் சோறு தின்றிருக்கிறேன்.

நீ எழுதிய அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளையின் உம்மாவும் வந்தா. ஏசப் போகிறா என்று நின்றேன். அலையை மேலும் கீழும் பார்த்தா. பிறகு பிள்ளையை நிழலில் கிடத்தி, போத்தலைத் திறந்து தண்ணீர் பருக்கினா.

'துணியைக் காற்று எடுத்துச் சென்றது' என்று கூட்டக் குறிப்பில் எழுதும்படி ஹாஜியார் சொன்னார். 'செயலாளர் ஏறி அகற்றினார்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இராஜினாமாவும் கொடுத்தேன். குறிப்பு எழுத வேறு ஆளில்லை என்று ஏற்க மறுத்துவிட்டார்கள்.

வரலாமா என்று இந்த முறை கேட்கவில்லை. நீ சொல்லும்வரை இருக்கிறேன்.

காலிதீன்

*

சாய்ந்தமருது
2025 ஆகஸ்ட் 25

அன்புள்ள ஸம்றாட வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் போனபோது நீங்கள் அலைக்குள் குந்தியிருந்து மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, என் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணாந்து பார்க்கிற ஆளைக் குழப்பக் கூடாது.

மருதமுனைப் பூங்காவுக்கும் ஒன்று கேட்டிருக்கிறார்கள். அங்கேயும் ஒரு குழு இருக்கிறது. ஒத்துக்கொண்டுவிட்டேன்.

நாளைக்கே வாருங்கள். பழைய சேட் ஒன்று போட்டுக்கொண்டு வாருங்கள். மறுநாள் ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு சீமெந்து குழைக்க வேண்டும்.

கமீலா