தங்கை வாங்க மறுத்த மருத்துவ அறிக்கை

அனுப்புநர்:
பெ. அமாவாசை (வயது 56),
வடக்குத் தெரு, அரும்பாவூர்,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
அரியலூர்.

பொருள்: எனது மரபணுப் பரிசோதனை முடிவை, உடன்பிறந்த தங்கைக்குத் தங்கள் துறை மூலம் தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் விவசாயி. புராஸ்டேட் புற்றுநோய்க்குத் திருச்சியில் சிகிச்சை பெற்று வருகிறேன். நோய் எலும்புக்குப் பரவியதால் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். பிஆர்சிஏ-2 என்னும் மரபணுவில் பிறவியிலேயே பழுது இருப்பதாக முடிவு வந்தது.

கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். அது பொய். கூடப் பிறந்தவருக்கும் இந்தப் பழுது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு, பெண்ணாக இருந்தால் மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரக்கூடும் என்று அவர் விளக்கிய பிறகே, “ஒரு தங்கச்சி இருக்குங்க” என்று சொன்னேன்.

தங்கை உண்ணாமலை, க/பெ. ஆண்டவர், தங்கள் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வசிக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பயிர்க்கடனுக்கு என்று சொல்லி அவரிடம் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். உண்மையில் அது அப்பா நிலத்தில் அவருக்குள்ள பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். விஷயம் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. குற்றம் என்னுடையது.

அறிக்கையின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ‘பெற மறுப்பு’ என்று திரும்பி வந்தது.

கடந்த 9-ஆம் தேதி பஸ் மாறி மாறி நேரிலேயே போனேன். கையில் காகிதத்தைப் பார்த்ததும், “இன்னொரு கையெழுத்தா? போட்டதே போதும். போயிட்டு வாங்க” என்றார். உடம்பு விஷயம் என்றேன். “அன்னைக்குப் பயிர்க்கடன், இன்னைக்கு உடம்பா?” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குள் தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து வருகிறார்கள். இந்த நோயின் பேரை வாசலில் நின்று சத்தமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

ஆகவே, அப்பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரை அனுப்பி, அக்கம்பக்கம் அறியாமல் தங்கையிடம் விவரம் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். செவிலியர் சொன்னால் கேட்பார். பரிசோதனைக்கு முன் ஒப்புதல் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் காகிதத்தை முழுவதும் படித்துக் காட்டிவிட்டுக் கேட்கும்படி சொல்லவும்.

எனக்கென்று எதுவும் கேட்கவில்லை. உண்ணாமலைக்கு வருகிற மாசியில் நாற்பத்தேழு ஆகிறது. எங்கள் அம்மா மார்பில் கட்டி வந்து இறந்தது நாற்பத்தேழாவது வயதில். மாசிக்கு முன் செவிலியர் அந்த வீட்டுக்குப் போய்வந்தால் போதும் ஐயா.

இடம்: அரும்பாவூர்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(பெ. அமாவாசை)

இணைப்பு: பரிசோதனை அறிக்கை நகல், திரும்பி வந்த தபால் உறை.