முருங்கைப் போத்து

ஜூன் 4

அன்புள்ள மருமகளுக்கு அத்தை எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் முருங்கையும். உன் புருஷன் நலமா என்பதை அவன் வாயைத் திறந்தால்தானே சொல்ல முடியும்! நான் போனை எடுத்தாலே "யாரும்மா?" என்று பக்கத்தில் வந்து நிற்கிறான். அதனால்தான் கடிதம்.

நீ நட்ட மரம் மாடி ஜன்னலை எட்டிப் பார்க்கிறது. நீ சொன்னபடி நுனியைக் கிள்ளிவிட்டதில் பக்கக் கிளைகள் குபுகுபுவென்று வந்துவிட்டன. இலையை விளக்கெண்ணெயில் வதக்கி முட்டியில் கட்டிக்கொள்கிறேன். டாக்டர் மாத்திரையையும் விடவில்லை, திட்டாதே.

போன கடிதத்தில் "கொஞ்சம் தலைசுற்றல், ரத்தம் குறைவு என்றார்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு மழையைப் பற்றி எழுதப் போய்விட்டாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நட்டு வளர்க்க, நம் மரத்துக் கிளையில் இரண்டு முழத்தில் ஒரு போத்து வெட்டி பஸ் பார்சலில் அனுப்புகிறேன். மேல்முனையில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்; தலைகீழாக நட்டுவைக்காதே. ஆறேழு மாதத்தில் இலை பறிக்கலாம்.

அவன் செய்தது தப்புத்தான். ஆனால் கெட்ட மனசு இல்லை. கேட்டுச் செய்யத் தெரியாது, அவ்வளவுதான். எப்போது வருகிறாய்?

உன் அத்தை


ஜூன் 19

அன்புள்ள அத்தைக்கு,

போத்து பத்திரமாக வந்தது. பார்சல் ஆபீஸ்காரர், "யாரை அடிக்கம்மா இந்தத் தடி?" என்றார். ஒரு ஆள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

இங்கே மண் ஏது? இரண்டாவது மாடியில் ஒரே அறை. வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் பெயின்ட் டிரம் ஒன்றில் மண் நிரப்பி, சிவப்புத் துணி மேலே இருக்கும்படி நட்டேன். அச்சகத்தில் நாள் முழுக்க நின்றபடி தாள் மடிக்கிறேன். வீட்டுக்கு வந்தாலும் உட்கார முடிவதில்லை. கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்துகிறேன், மறுபடியும் பழைய இடத்துக்கே இழுக்கிறேன். பிறகு மேலே ஓடிப் போத்தைப் பார்க்கிறேன்.

வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே இருந்தபோது அன்று நான் என் பழைய வேலைக்குப் போய் நிற்கிறேன், என் மேசையில் வேறொரு பெண். "உங்க வீட்டுக்காரர் போன் பண்ணி நீங்க நின்னுட்டீங்கன்னு சொன்னாரேம்மா" என்கிறார் முதலாளி. என் வேலையை என்னைக் கேட்காமல் விட்டவர், அத்தை. அத்தனை பேர் முன்னால் நின்றதை நினைத்தால் இப்போதும் உடம்பு பற்றி எரிகிறது. கேட்கத் தெரியாது என்று உங்களால் விட்டுவிட முடிகிறது. என்னால் முடியவில்லை.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 11

அன்பு மருமகளுக்கு,

மழை விட்டதும் முருங்கை முழுக்கக் கம்பளிப்பூச்சி. அடிமரத்துக்குப் போர்வை போர்த்தியதுபோல இருக்கிறது. ஒன்று அவன் சட்டைக்குள் ஏறி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அவன் குதித்த குதியைப் பார்த்திருந்தால் நீயே இரக்கப்பட்டிருப்பாய்.

"மரத்த வெட்டிட்டு சிமென்ட் போட்டா கார் நிறுத்தலாம்மா" என்கிறான். மேஸ்திரி வேலை பார்ப்பவனுக்கு மண்ணைக் கண்டாலே கை துறுதுறுக்கும்போல. "நீளக் கம்புல பந்தம் கட்டிக் கருக்கினாப் போதும்டா, மரம் இருக்கட்டும்" என்றேன். தலையை ஆட்டினான். பார்த்தாயா, சொன்னால் புரிந்துகொள்கிறான்.

உன் போத்து தளிர்த்ததா? ரத்தம் ஏறியதா? இரண்டுக்கும் பதில் எழுது.

உன் அத்தை


ஆகஸ்ட் 25

அன்புள்ள அத்தைக்கு,

போத்து செத்துவிட்டது. தலைகீழாக நடவில்லை, ஒழுங்காகத்தான் நட்டேன். ஆனால் வேர் வந்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தேன். பிடுங்கிய குற்றத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். அடிப்பக்கம் கறுத்து அழுகிவிட்டது. திட்டுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். சந்தையில் இலை வாங்கி வேகவைத்தும் சாப்பிடுகிறேன். தலைசுற்றல் குறைந்திருக்கிறது.

நான் வரமாட்டேன், அத்தை. இனி அதைக் கேட்காதீர்கள். கோபத்தில் கடிதத்தையும் நிறுத்திவிடாதீர்கள். அவரை விட்டு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. உங்களையும் சேர்த்து விட்டுவிட்டேனோ என்பதுதான் என்னை உட்கார விடுவதில்லை.

உங்கள் மருமகள்


அக்டோபர் 9

என் மகளுக்கு,

மூன்று நாள் முன்னால் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். கண்ணில் சொட்டு மருந்து, எல்லாம் மங்கல். கொல்லைக் கதவைத் திறந்ததும் வெளிச்சம் முகத்தில் அடித்தது. மரம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அடிக்கட்டையையும் தோண்டி எடுத்து, மேலே ஈரச் சிமென்ட் பூசியிருந்தான்.

"உன் முட்டிக்குத்தானேம்மா, இலை கடையில வாங்கித் தர்றேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தலையை ஆட்டியதை நம்பி இருந்துவிட்டேன். நீ உன் மேசை முன்னால் போய் நின்றதை இத்தனை நாளும் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன்.

குப்பை வண்டி வருவதற்குள் கிளைக் குவியலிலிருந்து ஒரு போத்தை இழுத்து, நிழலில் சாய்த்து வைத்திருக்கிறேன். சிவப்புத் துணி கட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து முன்னறைக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். சொந்த வீட்டில் எனக்கு உட்கார இடமில்லை.

உன்னை இனி வரச் சொல்லமாட்டேன். வேறொன்று கேட்கிறேன். நான் அங்கே வந்து உன்னோடு இருக்கட்டுமா? ஒரே அறை என்பது தெரியும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறவேண்டும் என்பதும் தெரியும். இன்னும் பெட்டி கட்டவில்லை. நீ சரி என்று எழுதினால்தான் கட்டுவேன். வேண்டாம் என்றால் இரண்டு நாள் அழுதுவிட்டு, போத்தை மட்டும் பார்சலில் அனுப்புவேன்.

அத்தை


அக்டோபர் 16

அத்தை,

வாங்க.

வீட்டுக்காரம்மாவைக் கேட்டுவிட்டேன். "மாமியாரா? உன் சொந்த மாமியாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுச் சரி என்றார். படிக்குக் கைப்பிடி இருக்கிறது. ஆட்டிப் பார்த்தேன், உறுதியாகத்தான் இருக்கிறது. கட்டிலை ஜன்னலோரம் உங்களுக்காகப் போட்டிருக்கிறேன். இனி அதை நகர்த்தமாட்டேன்.

டிரம்மில் பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புது மண் நிரப்பியாயிற்று. போத்தை நீங்களே நடுங்கள். நான் தொடமாட்டேன்.

உங்கள் மகள்