பெரட்டுக்களத்தில் போட்ட கூடாரம்

பெப்ரவரி 3, சனி

தோசைக்கு அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன். காரணம் என் வீட்டுக்காரர் மேர்வின்தான். பின்னேரம் முழுக்க சுற்றுலா ஜீப் முதலாளியோடு போனில் பேச்சு. ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வருகிறார்களாம், ராப், ஜெனி என்று பேர். அவர்கள் நாட்டுச் செம்மண் பாலைவனத்தை ஜீப்பிலேயே சுற்றி, கண்ட இடத்தில் கூடாரம் போட்டுப் படுத்தவர்களாம். இங்கேயும் அதே மாதிரி வேண்டுமாம். ஜீப், கூடாரம், ஆள் நடமாட்டம் இல்லாத இடம். மேர்வின் ஓட்டி வழிகாட்ட வேண்டும், நான் சமைக்க வேண்டும். இது நல்லபடி முடிந்தால் மாதாமாதம் இந்த வேலை வருமாம். அவர் கட்டாருக்கு வேலைக்குப் போகும் பேச்சு நின்றுபோகும். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, இருப்பது இந்த ஒரு மனுசன். அவர் கண் முன்னால் இருப்பார் என்றால் கல்லைக் கூட்டி மலையிலும் சமைப்பேன்.

எங்கே கூடாரம் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு "கல்லுமலை டிவிசன்ல" என்றார்.

"பெரட்டுக்களத்துலயா?"

"அங்கதானே சமமான எடம் இருக்கு, டெல்சி."

சமமான இடமாம்! விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்து வேலையாட்களை நிறுத்தி, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்பிய களம் அது. ஒரு மழைக்காலத்தில் பெரட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மேல் சரிவு இறங்கி நின்றவர்களைக் கொண்டுபோனது. கூப்பிட்டுக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளையையும்தான். மேர்வின் அப்போது அதே டிவிசனில் தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டியவர். அன்றைக்கு லைசன்ஸ் எடுக்க ஹட்டனுக்கு வந்திருந்ததால் பிழைத்தார். அதற்குப் பிறகு லயத்து வீடுகளில் மிச்சம் இருந்தவர்களைக் கீழே இறக்கிவிட்டார்கள். அங்கே போய்ச் சோறு வடிக்கச் சொல்கிறார் என் வீட்டுக்காரர்.

பெப்ரவரி 6, செவ்வாய்

ஜீப்புக்குள் எலும்பெல்லாம் இடம் மாறிவிட்டது. நல்லதண்ணி ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதையில் ஏறியதும் நான் மாதாவை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். முன் சீட்டில் ராப் குழந்தை மாதிரி சிரித்தார். ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுசி. காலில் அட்டை ஏறினால் அலறுவார் என்று நினைத்தேன், படம் எடுக்கிறார்.

கடைசிக் கடை மீனம்மாவுடையது. எங்களோடு ஒன்றாகக் கொழுந்து எடுத்தவள், இப்போது சிவனொளிபாத மலைக்கு வருகிறவர்களுக்கு ரொட்டி சுட்டு விற்கிறாள். தேத்தண்ணி குடிக்கும்போது எங்கே போகிறோம் என்று கேட்டாள். சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அங்க யாரு கூப்பிட்டாலும் ஏன்னு கேட்டுறாதீங்க. விறகுக்குப் போனவங்க சொல்லியிருக்காங்க, இன்னும் பேரு கூப்புடுற சத்தம் கேக்குதாம்."

மேர்வின் காசைக் கொடுத்துவிட்டு, "ஒன் ரொட்டிக்கும் கதைக்கும் சேத்துத்தானே இந்த வெல" என்று கேலி பண்ணினார். அவளும் விடவில்லை, அவர் தலையில் ஒரு தட்டு தட்டினாள். நான்தான் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

களம் பாதிதான் இருக்கிறது. மறுபாதி பள்ளம். கொழுந்து எடுக்க ஆள் இல்லாமல் தேயிலை எல்லாம் மரமாகி நிற்கிறது, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. ஜெனி அதைத்தான் அழகு என்கிறார்.

பெப்ரவரி 7, புதன்

காலைப் பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

விடிந்தும் விடியாத நேரம். முன்னால் பிடித்த கை தெரியாத பனி மிசுட்டு. நான் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். மேர்வின் ஜீப் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில், பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடிக்கிற தப்பு மேளச் சத்தம். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு ஆம்பளைக் குரல், அவசரமில்லாமல், பள்ளத்துப் பக்கமிருந்து. "அழகுமுத்து." கொஞ்சம் நிறுத்தி, "காளியாயி." பிறகு இன்னொரு பேர். பதிலே இல்லை. ஒவ்வொரு பேருக்குப் பிறகும் அதே அளவு இடைவெளி.

பிறகு, "மேர்வின்."

"ஐயா!" என்றார் இவர்.

துடைக்கிற கையை நிறுத்தவில்லை. தலையைத் தூக்கவில்லை. பெரட்டில் நின்று வளர்ந்த எவருக்கும் அது இருமல் மாதிரி, யோசிக்காமல் வந்துவிடும். எனக்கும் வந்திருக்கும். பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"யாரோ கூப்பிட்டாங்கல்ல?"

"ஏங்க பதில் சொன்னீங்க? மீனம்மா அவ்வளவு சொன்னாள்ல?"

"வாயில வந்துருச்சு, டெல்சி."

அதற்குப் பிறகு குரல் வரவில்லை. பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்று ஜெனி கேட்டார். மேளம் மட்டும் கேட்டதாம். ராப் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 8, வியாழன்

இறங்கிவிட்டோம். முதலாளிக்கு சந்தோஷம். வெள்ளைக்காரர்களுக்கு அதைவிட சந்தோஷம். மேர்வின் வழி முழுக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பெப்ரவரி 10, சனி

விடியும் முன் எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. ஜீப் வாசலில் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது. வெயில் ஏறிய பிறகு வந்தார். சட்டை சொட்டச் சொட்ட ஈரம், கால் இரண்டிலும் அட்டை கடித்த ரத்தம். எங்கே போனீங்க என்று கேட்டால், "நடந்துட்டு வந்தேன்" என்கிறார். ஹட்டனில் எந்த ரோட்டில் இத்தனை அட்டை?

உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தேன். கொப்புளம். ஸ்டியரிங் பிடித்தால் வருகிற இடத்தில் இல்லை. கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற இடத்தில்.

பெப்ரவரி 12, திங்கள்

இன்றும் போய்விட்டார். கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்திருந்தேன். என்னைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

பெப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசியபோது மேர்வின் நின்ற நிற்பு இருக்கிறதே, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, தோட்டத்துத் துரை முன்னால் நிற்கிற மாதிரி. சாமியாரிடம் தனியாகச் சொன்னேன். பயணக் களைப்பு, ஜெபம் பண்ணுங்க என்றார். ஜெபம் பண்ணாமலா இருக்கிறேன்?

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். தொடவில்லை. மெலிந்து சட்டை தொங்குகிறது. நான் அழுததைப் பார்த்து அவராகவே பேசினார்.

"மலை சரிஞ்ச அன்னைக்கு எம் பேரு வரைக்குந்தான் கூப்பிட்டாங்களாம். நான் இல்லாததால அதுக்கு மேல போக முடியலையாம். இப்ப வேல நடக்குது. ஆளு பத்தல."

"யாருங்க சொன்னது?"

"கணக்கப்புள்ளதான்."

நாளைக்குக் கிழக்கு மலையில் கவ்வாத்தாம். அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அடுத்த பயணத்துக்கு முதலாளி நாள் குறித்திருக்கிறார், அதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. இந்த மனுசன் என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறார். கட்டாருக்குப் போயிருந்தாலாவது போன் பண்ணியிருப்பார்.

பெப்ரவரி 16, வெள்ளி

இரண்டு நாளாக ஒன்றையே யோசிக்கிறேன். நான் குமரியாக இருந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் பெரட்டுக்கு நான் போவேன். அம்மா பேரைக் கூப்பிடும்போது, "அவங்களுக்குப் பதிலா நான் வந்திருக்கேங்கய்யா" என்பேன். எந்தக் கணக்கப்பிள்ளையும் மறுத்ததில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் வந்தால் போதும், அது யாராக இருந்தால் என்ன? எங்கள் தோட்டம் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம்.

உயிரோடு இருந்தபோது ஒத்துக்கொண்ட வழக்கத்தை இப்போது மட்டும் மறுப்பார்களா?

ஒரு நாள் நின்றுவிட்டு வந்தால் அவரை விட்டுவிடுவார்கள். பயமாகத்தான் இருக்கிறது. அவர் இல்லாமல் இருப்பது அதைவிடப் பயம்.

பெப்ரவரி 17, சனி

போய் வந்தேன்.

நேற்றே மீனம்மா கடையில் போய்த் தங்கிவிட்டேன். காரணம் சொல்லவில்லை, சொன்னால் கட்டிப்போட்டிருப்பாள். விடியும் முன் மலை ஏறினேன். களத்தில் எனக்கு முன்னால் மேர்வின் நின்றார். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. மிசுட்டுக்குள் வேறு ஆட்களும் நின்ற மாதிரி இருந்தது. இருமல், வெற்றிலை வாசம், கூடை உரசுகிற சத்தம். நான் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"மேர்வின்."

அவர் வாய் திறக்கும் முன் நான் கத்தினேன், "அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேங்கய்யா. டெல்சி."

தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு அதே அவசரமில்லாத குரல்.

"சரி. கொழுந்துக்குப் போ."

மேர்வின் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் எங்கேயும் போகவில்லை. அவரைத் தோளில் சாய்த்து இறக்கிக்கொண்டு வந்தேன். பாதி வழியில், "பசிக்குது, டெல்சி" என்றார். மீனம்மா கடையில் ஐந்து ரொட்டி தின்றார்! நான் வெட்கமில்லாமல் எல்லோர் முன்னாலும் அழுதேன்.

பெப்ரவரி 18, ஞாயிறு

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மேர்வின் பூசைக்கு வந்தார், பாட்டுக்கூடப் பாடினார், வழக்கம்போல ராகம் தப்பி. மத்தியானம் ஜீப் கழுவினார். கொப்புளம் காய்ந்துவிட்டது. ஆட்டிறைச்சி வாங்கிக் குழம்பு வைத்தேன். கல்லுமலைக்கு இனி யாரையும் கொண்டுபோவதில்லை என்று முதலாளியிடம் சொல்லியும் விட்டார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பெப்ரவரி 19, திங்கள்

விடியும் முன்னே முழிப்பு. விரல் நுனியெல்லாம் கொழுந்து கிள்ளினால் படிகிற கறுப்புக் கறை. தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்தும் போகவில்லை. மேர்வினிடம் காட்டவில்லை.

பெப்ரவரி 21, புதன்

காலையில் எங்கே போனாய் என்று மேர்வின் கேட்டார். நடந்துவிட்டு வந்தேன் என்றேன். என் காலைப் பார்த்தார். உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக உப்புப் போட்டு எடுத்தார். அப்புறம், "நாளைக்கு நான் போறேன்" என்றார். கூடாது என்று சத்தம் போட்டேன். ஒரு தடவை ஆள் மாற்றினால் மாற்றினதுதான். அவரை மறுபடி விடுவதற்கா நான் அவ்வளவு தூரம் ஏறினேன்?

எனக்கு வருத்தம் இல்லை. அவர் சாப்பிடுகிறார். அது போதும்.

பெப்ரவரி 24, சனி

மேர்வினும் களத்தில் போய் நின்று எனக்குப் பதிலாகப் பேர் சொல்லிப் பார்த்தாராம். அவரைக் கூப்பிடவே இல்லையாம்.

மார்ச் 5, செவ்வாய்

இன்று கொழுந்து நல்ல இளசு. மழை இல்லை. வெயிலுக்கு முன்பே பாதி மலை முடிந்துவிட்டது. இங்கே லயம் சுத்தமாக இருக்கிறது, ஆட்களும் நல்லவர்கள். சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியும் சம்பலும் பங்கு வைத்தார்கள்.

மத்தியானம் கீழே ஒரு ஜீப் ஏறி வந்தது. ஒரு ஆள் இறங்கி, "டெல்சி, டெல்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே தேயிலைக்குள் வந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் என்னைத் தாண்டிப் போனார், பார்க்கவில்லை. பிறகு பள்ளத்து ஓரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கூடையை இறக்காமல் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து நிரையில் நின்ற காளியாயி அக்கா கேட்டார், "ஒம் பேரத்தானே கூப்புடுறாரு. யாரும்மா அது?"

"தெரிஞ்ச மொகமாத்தான் இருக்குங்கக்கா" என்றேன். அதற்குள் கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.