லாட் 1846-ஆ, 1847-ஆ: எந்த வீட்டை எடுக்கிறீர்கள்?

அனுப்புநர்:
வை. நிர்மலாதேவி (வயது 68),
ஓய்வுபெற்ற அரசாங்கத் தாதி,
லாட் 1846, கம்பம் பாரிட் செலாசே,
யோங் பெங் வழி, ஜொகூர்.

பெறுநர்:
நில நிர்வாகி அவர்கள்,
மாவட்ட நில அலுவலகம்.

பொருள்: சாலை விரிவாக்கத்திற்கு எடுக்கப்படுவது என் நிலமா, பக்கத்து நிலமா என்று தெளிவுபடுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்தொரு ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்தவள் நான். அரசாங்கக் கடிதம் எதற்கும் பதில் எழுதாமல் இருந்ததில்லை. இம்முறை என்ன எழுதுவதென்றே விளங்கவில்லை. முதலில் மலாயில் தொடங்கினேன்; நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. ஆகவே தமிழில் எழுதி, மகள் பிரேமளாவின் மலாய் மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

2. கடந்த பிப்ரவரி மாதம் தங்கள் அறிவிப்பு கிடைத்தது. காலஞ்சென்ற என் கணவர் வைத்தியலிங்கம் வாங்கி, இப்போது என் பெயரில் உள்ள லாட் 1846 சாலைக்காக எடுக்கப்படுவதாகவும், மே 30-க்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்தது. உடன் வந்த வரைபடத்தை நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

3. பக்கத்து லாட் 1847 திரு. அய்யாவுவுடையது. பலகை லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். இருபத்தாறு ஆண்டுகளாக அண்டை வீட்டார். அவருக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. என் அறிவிப்பைப் பற்றிச் சொன்னதும், "உங்க வீட்ட எடுத்துட்டா எங்க வீட்டுக்கு வந்துருங்க மிஸி. பின்னால ரூம் சும்மாதான் கிடக்கு" என்றார். தாதி என்பதால் என்னை மிஸி என்றே அழைப்பார்.

4. மார்ச் 11 அன்று அவரே தம் காரில் என்னைத் தங்கள் அலுவலகத்திற்கு அழைத்து வந்தார். முகப்பில் இருந்தவர், அறிவிப்பில் உள்ள எண்தான் செல்லும் என்றார். உள்ளே இருந்த தமிழ்ப் பெண் அதிகாரி வரைபடத்தை விரித்துக் காட்டினார். சிவப்புக் கோடு என் வேலிக்கு அப்பால், அய்யாவு வீட்டின் நடுவே போகிறது. வரைபடம்தான் சரி, எண் தவறாக அச்சாகியிருக்கும், ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடலாம் என்றார். மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அறிவிப்பு 1847-இன் உரிமையாளருக்குப் போகும் என்றார். அந்த ஊழியர்கள் இருவரில் யார் சொல்வது முடிவானது என்று இருவருக்குமே தெரியவில்லை. அளவையாளர் அடித்த நான்கு முளைகளில் ஒன்று என் சமையல் குசினிக்குப் பின்னாலும், மூன்று அய்யாவு வீட்டு வளவிலும் நிற்கின்றன.

5. கார் நிறுத்துமிடத்தில் அய்யாவு என்ன சொன்னார்கள் என்று கேட்டார். மறுபடி வரச் சொன்னார்கள் என்றேன். அது பொய். ஒன்பது வாரமாக ஆட்சேபப் படிவம் என் மேசையில் கிடந்தது. எழுதினால் அவர் வீடு போகும். எழுதாவிட்டால் என் வீடு போகும். சாலை அந்தக் கோட்டின்படியே போனால் அவர் வீடும் சேர்ந்து போகலாம். என் மௌனம் யாரைக் காப்பாற்றியது என்று எனக்கே தெரியாது. அந்த வாரங்களில் அவர் எனக்காகப் பின் அறைக்கு நீலச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். நிறத்தை என்னைக் கேட்டே வாங்கினார்.

6. சென்ற ஞாயிறு, வரைபடத்தைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். சிவப்புக் கோட்டை விரலால் தொடர்ந்து பார்த்தார். பிறகு, "ரெண்டு மாசமா வச்சிருந்தீங்களா மிஸி" என்று மட்டும் கேட்டார். அவர் மனைவி தனலெட்சுமி உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் அவர்கள் கேட் திறக்கவில்லை. நேற்று அய்யாவு தம் நிலப் பட்டாவோடு வந்து, "எழுதுங்க. என் பேரையும் போடுங்க. யாரு வீடுன்னு அவங்களே நேர்ல வந்து சொல்லட்டும்" என்றார்.

7. சாலைக்காக நிலம் எடுக்க அரசாங்கத்திற்கு அதிகாரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எந்த நிலம் என்று தெரியாமல் எடுக்கும் அதிகாரமும் உண்டா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இந்த எண்ணை முகப்பில் பேனாவால் திருத்திவிட வேண்டாம். அளவையாளரை அனுப்பி, எங்கள் இருவரின் முன்னிலையில் மறுபடி அளக்கச் செய்யுங்கள். அதுவரை மே 30 என்ற தேதியை நிறுத்தி வையுங்கள். 1847-தான் என்று முடிவானால், எனக்குக் கிடைத்த அறிவிப்பும் அவகாசமும் ஆட்சேபம் எழுதும் வாய்ப்பும் அய்யாவுவுக்கும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும்.

8. என் வீட்டைக் காப்பாற்ற இம்மனுவை எழுதவில்லை என்று முடிக்க நினைத்தேன். ஆனால் அதற்காகவும்தான் எழுதுகிறேன். அய்யாவுவும் அப்படியே. எங்களில் ஒருவருக்கு நீங்கள் சொல்லப்போவதை இருவரையும் ஒன்றாக நிற்க வைத்துச் சொல்லுங்கள் என்பதே எங்கள் இருவரின் வேண்டுகோள்.

இடம்: கம்பம் பாரிட் செலாசே
நாள்: 16 மே 2024

இப்படிக்கு,
வை. நிர்மலாதேவி (லாட் 1846)
மு. அய்யாவு (லாட் 1847)